ஏ. ஜெசிந்தாவின் இருபத்தோரு கட்டுரைகள்

ஜூலை 3, திங்கள்

தலைவலி எந்தெந்த நாளில் வருகிறது, அன்று என்ன சாப்பிட்டேன், என்ன வேலை பார்த்தேன் என்று எழுதிக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக இந்த டைரி. போன வருடம் வங்கியில் கொடுத்தது. கிழமைகளை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

இன்று தலைவலி இல்லை. காலையில் இட்லி, மதியம் சாளைக் குழம்பு.

கல்லூரியில் பிற்பகல் கூட்டம். ஆகஸ்ட் பத்தாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் ஒவ்வோர் ஆசிரியரும் இணையத்தில் தனக்கென்று ஓர் ஆய்வாளர் பக்கம் திறந்து, அதற்கான எண்ணை வாங்கி, இதுவரை எழுதிய கட்டுரைகளை எல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அதில் ஏற்றிவைக்க வேண்டும். பொறுப்பு பொருளியல் துறை வேலாயுதப்பெருமாள் சாரிடம். "உலகத்துல எங்க இருந்து தேடினாலும் நீங்க ஒரே ஆளாத் தெரியணும். அதுக்குத்தான் இந்த நம்பர்" என்று விளக்கினார். நான் இப்போதும் ஒரே ஆள்தான் என்று தமிழ்த் துறையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

என் பெயரில் இருப்பவை பதினொரு கட்டுரைகள். எல்லாம் கடல்புல்லில் ஒட்டி வாழும் சின்னச் சின்ன நத்தைகளைப் பற்றியவை. இங்கே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வேம்பார் வரைக்கும் உள்ள கடலோரத்தில் மூழ்கியும் நடந்தும் பொறுக்கியவை. அவற்றை யாரும் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

ஜூலை 5, புதன்

எண் வந்துவிட்டது. கார்டு எண் மாதிரி நீளம்.

பக்கத்தில் பெயர் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஏ. ஜெசிந்தா என்று அடித்தேன். அப்பா அமலதாஸ், கல்யாணத்துக்குப் பிறகும் இனிஷியலை மாற்றவில்லை. உடனே ஒரு நீண்ட பட்டியல் வந்தது. மேலே, இவை உங்களுடைய கட்டுரைகளா என்று கேட்டிருந்தது. என் நத்தைகள் நாலைந்து கண்ணில் பட்டன. கீழே 'அனைத்தையும் சேர்' என்று ஒரு பொத்தான். ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள், கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. அழுத்திவிட்டுப் போய்விட்டேன்.

தலைவலி இல்லை. மதியம் தயிர் சாதம்.

ஜூலை 6, வியாழன்

இருபத்தோரு கட்டுரைகள் என்று காட்டுகிறது. இவற்றை மற்றவர்கள் அறுநூற்றுச் சொச்சம் முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். நத்தைக்கு இத்தனை கூட்டமா என்று உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்பது கட்டுரைகள் கடல் அட்டை பற்றியவை. கடல் அட்டைக் குஞ்சுகள் கடல்புல்லில் எப்படி வந்து ஒட்டுகின்றன, எந்த வயதில் மணலுக்குள் இறங்குகின்றன என்கிற மாதிரியான தலைப்புகள். தலைப்பும் வருடமும்தான் காட்டுகிறது, கூட எழுதியவர்கள் பெயர் இல்லை. நான் கடல் அட்டை பற்றி எழுதவில்லை.

எழுதவில்லை என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன். என் வழிகாட்டி டாக்டர் கோயில்பிள்ளை கடல் அட்டைக்காரர். அவருடைய ஆய்வகத்தில் நான்கு வருடம் இருந்தேன். மாணவர்கள் பெயரைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டுரைகளில் போடும் வழக்கம் அவருக்கு உண்டு. அன்பு என்று நினைத்துத்தான் செய்வார். இவற்றில் முக்கியமான கட்டுரை 2009இல் வந்திருக்கிறது. அந்த வருடம் மகள் லிடியா வயிற்றில் இருந்தாள், நான் பாதி நாள் ஆஸ்பத்திரியில். எது அச்சானது, எது ஆகவில்லை என்று எனக்கு என்ன தெரியும்? டாக்டர் கோயில்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் போய் ஆறு வருடமாகிறது.

கடல் அட்டை மாதிரிகளை நான் ஒரு முறை கழுவி அடுக்கியிருக்கிறேன். அது ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 8, சனி

2009 கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அதைத் திறக்கக் காசு கட்டச் சொல்கிறார்கள், நம் நூலகத்துக்கு அந்தச் சந்தா இல்லை. பக்கத்திலேயே 'ஆசிரியரிடம் பிரதி கேள்' என்று இருந்தது. நல்லதாகப் போயிற்று, உண்மையான ஆசிரியர் யாரோ அவரே அனுப்பட்டும் என்று பணிவாக நாலு வரி எழுதிக் கேட்டேன்.

மாலையில் எனக்கு ஒரு மெயில். ஏ. ஜெசிந்தா உங்கள் கட்டுரையின் பிரதியைக் கேட்கிறார், அனுப்ப விருப்பமா?

என் கணவர் ரெமிஜியுஸிடம் காட்டினேன். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இரண்டு முறை படித்தார். "உனக்கு நீயே லெட்டர் போட்டிருக்க. இதுல பதில் வேற போடணுமாக்கும்" என்றார். சாப்பிடும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

லேசாகத் தலைவலி. கொண்டைக்கடலை காரணமாக இருக்கலாம்.

ஜூலை 11, செவ்வாய்

வேலாயுதப்பெருமாள் சார் துறைக்கு வந்தார், கையில் மக்ரூன் இனிப்பு டப்பா. கல்லூரியிலேயே அதிக மேற்கோள் என் பக்கத்தில்தானாம். இரண்டாவது இடம் வேதியியல் துறை, அதுவும் ரொம்பத் தள்ளி. முதல்வர் கூப்பிட்டனுப்பி, இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். நான் சொல்லாமல் இருந்தேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் சாரிடம், அதில் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். பார்த்துக்கிடலாம் மேடம் என்றார். விலங்கியல் எம்.எஸ்ஸி. வகுப்பு தொடருமா தொடராதா என்பது இந்தத் தடவை வரும் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. அந்த வகுப்பை நம்பி நான்கு தற்காலிக ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது எனக்கும் தெரியும். அந்த நால்வரில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

சரிபார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதைக் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 13, வியாழன்

தலைவலி. மாத்திரை ஒன்று. நெட் வேலை செய்யவில்லை.

ஜூலை 15, சனி

இந்தோனேசியாவிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். 2009 கட்டுரைதான் தன்னை இந்தத் துறைக்கே கொண்டுவந்ததாம். குஞ்சுகளைக் கடல்புல் இலையோடு தொட்டிக்கு மாற்றும் முறையை இன்னும் விவரமாகச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். 'மதிப்பிற்குரிய டாக்டர் ஜெசிந்தா' என்று தொடங்கி, முடிவிலும் மரியாதை.

எனக்கு இப்படி ஒரு கடிதம் இதற்கு முன் வந்ததில்லை. மறுபடி ஒரு தடவை வாசித்தேன்.

ஆர்வத்துக்கு நன்றி, அந்த ஆய்வின் தரவுகள் இப்போது என்னிடம் இல்லை என்று பதில் போட்டேன். அது உண்மைதான். முடிந்தால் கட்டுரையின் ஒரு பிரதியை அனுப்ப முடியுமா, என் கணினி பழுதாகி எல்லாம் போய்விட்டது என்றும் சேர்த்தேன். கணினி பழுதானது 2016இல். அதுவும் உண்மைதான்.

ஜூலை 18, செவ்வாய்

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். என் படம், ஊழியர் அட்டையில் உள்ளது, முகம் வீங்கினாற்போல் இருக்கும். 'சர்வதேச அளவில்' என்று ஏதோ எழுதியிருக்கிறது. நான் நின்று படிக்கவில்லை. ரெமிஜியுஸின் அக்கா அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். லிடியா பள்ளியில் அவளுடைய அறிவியல் டீச்சர் பார்த்தாராம்.

பேராசிரியர் பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடும்படி முதல்வர் சொன்னார். படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

தலைவலி இல்லை. ஆச்சரியம்தான்.

ஜூலை 20, வியாழன்

இந்தோனேசிய மாணவர் கட்டுரையை அனுப்பிவிட்டார். ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. மன்னார் வளைகுடாதான், ஆனால் அந்தக் கரை. விடத்தல்தீவு, பேசாலை. இலங்கை மன்னார். நான் அங்கே கால்வைத்ததில்லை. கீழே நன்றி சொல்லும் பகுதியில், தொட்டிகளுக்குக் கடல் தண்ணீர் சுமந்த மீனவர்களுக்கும், "குண்டு விழுந்த நாட்களிலும் தொட்டிகளை மூடி வைத்திருந்த என் தாயாருக்கும்" என்று இருக்கிறது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. ஏ. ஜெசிந்தா.

நல்ல கட்டுரை. எப்படிச் சொல்வது, நான் என்றாவது எழுத ஆசைப்பட்ட மாதிரியான கட்டுரை. ஒரு வாக்கியம் கூட அதிகமில்லை. என்னுடைய அதே கடல்புல், அதே இனம். நான் நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில், எதிர்க்கரையில் என் பெயரோடு ஒருத்தி அதே இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

ஆக, இது நான் இல்லை. இன்று நிச்சயமாகிவிட்டது.

நீக்குவது எங்கே என்று தேடினேன். ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும் போலிருக்கிறது. குழுவுக்கான அறிக்கை ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டதென்று சார் சொன்னார். அவசரப்பட்டு எதையாவது அழுத்திப் பக்கமே போய்விட்டால் என்ன செய்வது? மாதா கோயில் திருவிழா முடியட்டும், நிதானமாகப் பார்த்துச் செய்யலாம்.

தலைவலி. மாத்திரை இரண்டு.

ஜூலை 24, திங்கள்

அவளிடமிருந்தே மெயில்.

ஆங்கிலத்தில், மிக மரியாதையாக. தன் பெயர் அருளப்பு ஜெசிந்தா; இத்தனை வருடமும் மன்னாரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறார்; அங்கே புதிதாகத் தொடங்கும் கடல் அட்டை வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் ஆய்வு அலுவலர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தேர்வுக் குழுவினர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டுரைகள் இந்தியாவில் ஒரு பேராசிரியருடையவை, நீங்கள் அவற்றைச் சொந்தமென்று காட்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நேர்காணல் ஆகஸ்ட் எட்டாம் தேதி. இது இயந்திரம் செய்த பிழையாக இருக்கும் என்றும், தயவுசெய்து வேண்டியதைச் செய்ய முடியுமா என்றும் எழுதியிருக்கிறார்.

பதில் எழுத நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நாளை.

ஜூலை 26, புதன்

இன்று கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் செருப்பு ஒன்று போய்விட்டது.

ரெமிஜியுஸிடம் மெயிலைப் பற்றிச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து யாரோ, கட்டுரைகளை எடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். மோசடியாக இருக்கும், இந்த மாதிரி நிறைய வருகிறது, எதையும் தொடாதே என்றார். அவர் வேலையில் இப்படித் தினமும் பார்ப்பவர். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது.

அவளுடைய அம்மாவையும் தொட்டிகளையும் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சத்தத்தில் காதில் விழாது.

ஜூலை 28, வெள்ளி

வேலாயுதப்பெருமாள் சாரிடம் பேசினேன். வேறொருவரின் கட்டுரைகள் என் பக்கத்தில் சேர்ந்திருக்கின்றன, எடுக்க வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழு பத்தாம் தேதி வந்துவிட்டுப் போகிறது, பதினோராம் தேதி காலையில் நானே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன் என்றார். பெயர்க் குழப்பம் உலகம் முழுக்க இருப்பதுதானாம். கெட்ட மனிதர் இல்லை. அந்த நான்கு தற்காலிக ஆசிரியர்களின் சம்பளத்துக்காக மூன்று வருடம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர் அவர்தான்.

எட்டாம் தேதி நேர்காணல் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோது போன் வந்து எழுந்துவிட்டார்.

தலைவலி.

ஜூலை 29, சனி

குழு வேலைக்காக இன்றும் கல்லூரி. துறையின் தொலைபேசி மணியடித்தது. அதற்கு யாரும் போன் செய்வதில்லை, வேலை செய்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"வணக்கம். நான் மன்னாரில இருந்து கதைக்கிறன். ஜெசிந்தா மேடத்தோட கதைக்கலாமோ?"

நான்தான் என்றேன். "நானும் யசிந்தா தான். நாங்கள் இங்க யானா போட்டுத்தான் எழுதுறது" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. தமிழில் எழுதினால் நாங்கள் இரண்டு பேர். ஆங்கிலத்தில்தான் ஒருத்தி.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. எந்தப் பக்கத்துக் கடலில் வேலை செய்கிறீர்கள், கடல்புல் இன்னும் இருக்கிறதா, அங்கேயும் இழுவை மடி வலைகளால் அழிகிறதா என்று கேட்டார். நான் சொன்னேன். 2009 கட்டுரையைப் படித்தேன், நன்றாக இருந்தது என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது, ஆனாலும் சொன்னேன்.

அதை அவர் 2008 தொடக்கத்தில் அனுப்பினாராம். சில மாதத்தில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. ஓரிடமாக இல்லாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். தொட்டிகள், குறிப்புகள், கணினி எதுவும் மிஞ்சவில்லை. கட்டுரையில் கொடுத்திருந்த மெயில் முகவரியும் செத்துப்போயிற்று. அது அச்சில் வந்ததே இரண்டு வருடம் கழித்து, முகாமிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியுமாம். பிறகு பள்ளிக்கூட வேலை. அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"ஒண்டு கேக்கலாமோ மேடம்? அந்தக் கட்டுரையைப் பற்றி ஆராவது உங்களுக்கு எழுதினவையோ?"

ஆமாம் என்றேன். இந்தோனேசிய மாணவரைச் சொன்னேன். அவருக்குப் பிறகு எழுதியவர்களையும் சொன்னேன்: பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர், மடகாஸ்கரிலிருந்து ஒரு பெண். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இவ்வளவு காலமா ஒருத்தரும் பார்க்கேல்ல எண்டுதான் நான் நினைச்சிருந்தன்" என்றார்.

பிறகு, இந்த இணையப் பக்க விஷயம் எப்படி நடந்தது என்று கேட்டார். சிஸ்டம் தானாகச் சேர்த்துவிட்டது என்றேன். ஓம், மெஷின் தானே என்றார். போனை வைத்த பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தானாகத்தான் பட்டியல் வந்தது. அதுவரை நான் சொன்னது சரி.

தலைவலி, வாந்தி. மதியம் சாப்பிடவில்லை, அதனால் இருக்கலாம்.

ஜூலை 31, திங்கள்

நீக்கிவிட்டேன்.

வகுப்பு முடிந்த கையோடு உட்கார்ந்து ஒன்பதையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இது உங்களுடையது அல்ல என்பது உறுதியா என்று கேட்டது. அடிக்கடி கேட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது; என்னுடைய நத்தைக் கட்டுரை ஒன்றையும் சேர்த்து நீக்கிவிட்டு, திரும்பச் சேர்க்கப் பாடுபட்டேன்.

ஒன்று மிச்சம். 2006, சிப்பி ஓடுகளில் துளைபோடும் புழு பற்றி ஒரு மாநாட்டுச் சுருக்கம், ஏ. ஜெசிந்தா என்று மட்டும் இருக்கிறது, ஊர் இல்லை. நான் எழுதவில்லை. யசிந்தாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். தனக்கும் தெரியாது, தான் புழு பக்கம் போனதே இல்லை என்றார். அப்படியென்றால் எங்கேயோ மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அதையும் எடுத்துவிட்டேன். இப்போது அது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது, அதுவும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று தேடுபொறியில் போட்டுப் பார்த்தேன். அங்கே இன்னும் இருபத்தோரு கட்டுரைகளும் என் பெயரில்தான். உதவிப் பக்கத்தில் தேடினேன்: மாற்றங்கள் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம். நேர்காணல் எட்டு நாளில்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

யசிந்தாவின் தேர்வுக் குழு ஒரு வழி சொல்லியிருக்கிறதாம். அந்தப் பேராசிரியரே, இவை தன்னுடையவை அல்ல என்றும், தன் பக்கத்தில் எப்படி வந்தன என்றும் கல்லூரி முத்திரையோடு எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் பேராசிரியர் இல்லை, இணைப் பேராசிரியர்தான் என்றேன். அதற்கு அவர் பரவாயில்லை மேடம் என்றார். என்னத்துக்குப் பரவாயில்லை என்று தெரியவில்லை.

எப்படி வந்தன என்று எழுத வேண்டும். முத்திரை முதல்வர் அறையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, புதன்

காலையிலேயே வேலாயுதப்பெருமாள் சாரைப் பார்த்தேன். எடுத்துவிட்டேன் என்றேன். நேர்காணல் பற்றியும், கடிதம் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடுதாசியில சிஸ்டம் மிஸ்டேக்னு போட்டிருவோம் மேடம். உங்களுக்கும் ஒண்ணும் இல்ல, காலேஜுக்கும் ஒண்ணும் இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அது தானாச் சேந்ததுதானே? நீங்க சேக்கலயே?"

ஜன்னல் வழியாக அந்த ஃப்ளெக்ஸின் பின்பக்கம் தெரிந்தது. மரச்சட்டமும் ஆணியும்.

"நான்தான் சார் சேத்தேன். படிச்சுப் பாக்காமச் சேத்தேன். படிச்ச பெறகும் எடுக்கல."

என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏன் இதை என்னிடம் சொன்னீர்கள் என்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து முதல்வர் அறைக்குக் கூடவே வந்தார். முதல்வர் நீளமாகப் பேசினார். கல்லூரியின் பெயர், எம்.எஸ்ஸி., குழு, நேரம். எல்லாம் நியாயமான பேச்சு. பதவி உயர்வு விண்ணப்பத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அதனாலேயே அது முடிந்துபோனது என்று தெரிந்தது. இந்த அழகில் முத்திரை எதற்கு என்று கேட்டார். வேலாயுதப்பெருமாள் சார்தான், "குடுத்திருங்க சார், அந்தம்மாவுக்கு எட்டாம் தேதி" என்றார்.

மதியத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ் இல்லை. யார் எடுத்தார்கள் என்று கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கடிதம் எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகிவிட்டது. நீளமாக எழுதினால் சமாதானம் சொல்வது போல் இருக்கிறது, சுருக்கமாக எழுதினால் திமிர் போல் இருக்கிறது. கடைசியில், பட்டியல் வந்தது, நான் படிக்காமல் ஏற்றுக்கொண்டேன், தவறு தெரிந்த பிறகும் தாமதித்தேன், இந்த ஒன்பதும் அருளப்பு யசிந்தாவின் உழைப்பு என்று எழுதினேன்.

ரெமிஜியுஸ் படித்தார். தாமதித்தேன் என்பது தேவையா, அதை யாரும் கேட்கவில்லையே என்றார். கேட்கவில்லைதான் என்றேன். அவர் மறுபடி படித்தார். "எங்கிட்ட மோசடி மெயில்னுதானே சொன்ன" என்றார். மோசடி என்று சொன்னது நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னதை வைத்துத்தானே அவர் சொன்னார்.

முத்திரை வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். தலைவலி பற்றி எழுத மறந்துவிட்டேன். இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மன்னாரிலிருந்து செய்தி இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர். எங்கள் துறையில் கொஞ்ச நேரம்தான் இருந்தார்கள். ஒருவர் என்னிடம், பதினொரு கட்டுரைகள்தானா, அறிக்கையில் வேறு எண் இருக்கிறதே என்றார். பக்கத்தில் வேலாயுதப்பெருமாள் சார் நின்றிருந்தார். அது தவறான எண், திருத்திய தாள் உள்ளே இருக்கிறது, தவறு என்னுடையது என்றேன். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். நத்தைக் கட்டுரைகளைப் படிக்க முடியுமா என்று கேட்டார். பதினொன்றையும் ஏற்றி வைத்திருக்கிறேன், காசு கட்ட வேண்டாம் என்றேன். அதிலே ஒன்றைத் திறந்தார். படங்கள் தெளிவாக இல்லை என்றார். சரிதான், தெளிவாக இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

யசிந்தா போன் செய்தார். நேர்காணலில் என் கடிதத்தை வாசித்தார்களாம். உடனே வேலை என்று சொல்லவில்லை; இத்தனை வருடம் ஆய்வை விட்டு விலகியிருந்தவர் என்று யோசித்தார்கள். இப்போது ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு. ஒரு வருடம் கழித்து என்ன என்று தெரியாது. "ஆனா தொட்டி இருக்கு" என்றார். மூன்று தொட்டி, நல்ல பெரியவை.

கடிதத்தைத் தானும் படித்ததாகச் சொன்னார். அதில் இருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை என்று நினைக்கிறேன்.

வைப்பதற்கு முன், என் நத்தைக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நாலாவதில் சொல்லியிருக்கும் நத்தை எந்தப் புல்லில் அதிகமோ, அந்தப் புல்லில்தான் தனக்கும் அட்டைக் குஞ்சுகள் கிடைத்ததாக ஞாபகமாம். குறிப்பெல்லாம் போய்விட்டதால் ஞாபகம்தான். மறுபடி பார்க்க வேண்டும். நீங்களும் உங்கள் கரையில் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

செப்டம்பர் 16, சனி

குழுவின் முடிவு வந்தது. கல்லூரிக்குப் போன தடவையை விட ஒரு படி கீழே. எம்.எஸ்ஸி. இந்த வருடம் நடக்கும், அடுத்த வருடச் சேர்க்கை நிச்சயமில்லை. தற்காலிக ஆசிரியர்கள் நால்வரில் ஒரு பெண் வேறு கல்லூரி பார்த்துக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், என் மேல் வருத்தமில்லை என்றாள். வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

வேலாயுதப்பெருமாள் சார் குழு போனதிலிருந்து என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். இன்று படிக்கட்டில் நின்று, அந்தம்மாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். நல்லது என்று சொல்லி இறங்கிப் போனார்.

விடியற்காலையில் தருவைக்குளம் பக்கம் தண்ணீருக்குள் இறங்கினேன். மூன்று வருடம் கழித்து. முழங்கால் அப்படி வலித்தது.

நவம்பர் 9, வியாழன்

டைரியை விட்டு நாளாகிவிட்டது. டாக்டர் இதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி பவரை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன்.

நானும் யசிந்தாவும் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறோம். இரண்டு பக்கம். வளைகுடாவின் இரு கரைகளிலும் ஒரே கடல்புல்லில் நத்தையும் அட்டைக் குஞ்சும் எங்கே சேர்ந்து காணப்படுகின்றன என்பது. சின்ன விஷயம்தான். இதழின் இணையப் பக்கத்தில் ஏற்றும்போது முதல் ஆசிரியர் பெயராக அவரைப் போட்டேன். இரண்டாவதாக என்னைப் போட்டால், இந்த ஆசிரியர் ஏற்கனவே சேர்க்கப்பட்டுவிட்டார் என்று சொல்லி என்னை ஏற்க மறுத்தது. எங்கள் ஆய்வாளர் எண்கள் வேறு என்று காட்டியும் கேட்கவில்லை. இதழ் அலுவலகத்துக்கு எழுதினேன். நீங்கள் இருவர் என்பதற்கு ஏதேனும் சான்று அனுப்ப முடியுமா என்று பதில் வந்திருக்கிறது.

யசிந்தாவிடம் சொன்னேன். போனில் இத்தனை சிரித்து நான் அவரைக் கேட்டதில்லை.

நவம்பர் 11, சனி

அடையாள அட்டைகளை அனுப்பலாம் என்றுதான் நினைத்தோம். பிறகு அவர் வீடியோவில் வரச் சொன்னார், இரண்டு முகமும் ஒரே படத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது என்றார். அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் குரல்தான்.

ரெமிஜியுஸ் போனை அலமாரியில் சாய்த்து வைத்துக் கொடுத்தார். நான் புடவை மாற்றிக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். திரை தெளிய நேரமானது. நான் மனதில் வைத்திருந்தது என்னைப் போலவே ஒரு முகம், கொஞ்சம் மெலிந்து, அவ்வளவுதான். வந்தவர் அப்படி இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முடி முழுக்க வெள்ளை. நெற்றியிலிருந்து காது வரை ஒரு பழைய தழும்பு. பின்னால் நீலத் தொட்டிகள், தண்ணீர் விழும் சத்தம்.

அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் சின்னப் பிள்ளையா இருக்கிறீங்கள்" என்றார். நாற்பத்து நாலு என்றேன். மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று பல தடவை சொல்லியும் விடாதவர், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் அக்கா என்றேன். வாயில் தானாக வந்தது.

படம் எடுத்தோம். இரண்டு சதுரம், இரண்டு முகம், இரண்டின் கீழும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். இதைப் பார்த்து அவர்கள் தெளிவார்களா, இன்னும் குழம்புவார்களா தெரியவில்லை. ஒன்றின் கீழ் மன்னார் என்றும் மற்றதன் கீழ் தூத்துக்குடி என்றும் எழுதி அனுப்பிவிட்டேன்.